பன்னிரண்டாவது ஆள்

அவள் மறுபடியும் எண்ணினாள்.

நாற்காலி பன்னிரண்டு. ஆள் பதினொன்று.

பெரிய வியாழன் பூசைக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவிவிடப் பன்னிரண்டு பேரைப் பிடித்துத் தரும் வேலை இந்த வருஷம் அவளுடையது.

பிடித்துத்தான் வர வேண்டியிருந்தது.

ஒருவர் குடும்பத்தோடு கொடைக்கானலில். நாலு நாள் லீவாம். ஒருவருக்குக் காலில் ஆணி. இன்னொருவர் வீட்டிலிருந்தே யூடியூபில் பூசை பார்த்துக்கொள்வாராம்.

“யூடியூப்ல உங்க காலையும் கழுவுவாங்களா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாள்.

வந்தவர்களில் முக்கால்வாசி எழுபதைத் தாண்டியவர்கள். மூன்று வருஷமாக அதே கால்கள்.

பூசைக்கு உதவும் உபதேசியார் பக்கத்தில் வந்து நின்றார்.

“பன்னெண்டாவது யாரு, அக்கா?”

“எம் மவன்.”

“கிளாட்வினா? வந்தா மழ வரும்,” என்றார் மூன்றாவது நாற்காலிப் பெரியவர்.

“வரட்டும். வெக்கை தாங்கல.”

“அந்த நாற்காலிய எடுத்துரட்டா?” உபதேசியார் மெதுவாகக் கேட்டார்.

“கெடக்கட்டும்.”

வருகைப் பாட்டு தொடங்கிவிட்டது. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அவளை இறக்கிவிட்ட இடத்திலேயே, கேட்டுக்கு அந்தப் பக்கம், பைக்கில் சாய்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தான் கிளாட்வின். கோயிலுக்குள் அவன் கால் வைத்து ஆறு வருஷம். நேற்று ராத்திரி சாப்பிடும்போதுதான் சரி என்றிருந்தான்.

“வாரேன்னுதான சொன்ன?”

“நீ போம்மா. முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்.”

“பத்து நிமிசம் ஒக்காரதுக்கு என்னல கேடு?”

“எனக்கு இதெல்லாம் ஒத்து வராதும்மா.”

வாசலில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“காட்டிக்குடுத்த யூதாசே அன்னைக்கு வந்து காலை நீட்டுனாம்ல. நீ அவனுக்கும் கீழயா?”

அவன் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டான்.

அவளுக்கு இன்னும் சொல்ல இருந்தது. நிறைய இருந்தது. முகத்தைப் பார்த்தால் கத்திவிடுவோம் என்று கீழே பார்த்தாள்.

செருப்புக்குள் அவன் கால்.

நகங்களை ஒட்ட வெட்டியிருந்தான்.

பட்டறைக் கிரீஸ் ஒரு பொட்டு இல்லை. குதிகால் வெடிப்புகள், கல்லில் தேய்த்த தேய்ப்பில், கன்றிச் சிவந்திருந்தன.

உள்ளே வானவர் கீதம் பாடி மணி அடித்தார்கள்.

அவன் காலைப் பைக்குக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.