நாலாவது புத்தகம்

"பத்துல ஒன்பது படிச்சிருக்கீங்க. அந்த நாலாவதை மட்டும் ஏன் விட்டீங்க?"

தாளாளர் கேட்டதும் அறையே இருமலை அடக்கிக்கொண்டது. அவருடைய மேஜையின் அகலத்துக்கு நடுவில் ஒரு பேருந்து நிறுத்தமே வைத்திருக்கலாம். அந்தக் கரையில் அவரும் தலைமை ஆசிரியையும். இந்தக் கரையில், ஒன்றாம் வகுப்பு ஆசிரியை வேலைக்கு வந்திருந்த அவள். மடியில் பள்ளிக்கூடம் அனுப்பியிருந்த பட்டியல்: 'தொடக்க வகுப்புப் புது ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்கும் நூல்கள்.'

"எல்லாக் கடையிலயும் ஏறி இறங்கிட்டேன் சார். அது மட்டும் கிடைக்கலை."

"எப்படிக் கிடைக்கும்? அது நான் எழுதினது. இங்க வேலைக்குச் சேர்றவங்களுக்கு மட்டும்தான் குடுப்போம்."

"பத்தையும் படிச்சவங்களுக்குத்தான் வேலைன்னு கடிதத்துல போட்டிருக்கே சார்."

"ஆமா."

அவள் தலையாட்டினாள். நியாயம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது வேறென்ன செய்வது.

மற்ற ஒன்பதையும் அவள் கரைத்துக் குடித்திருந்தாள். குடித்த வேகத்தில் இரண்டு மூன்று அட்டைகளும் உள்ளே போயிருக்கும். பென்சில் பிடிக்க வராத விரலுக்கு என்ன வைத்தியம் என்று கேட்டதற்குப் பக்கம், வரி எல்லாம் சொன்னாள். தலைமை ஆசிரியைக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட அவர் திறந்ததில்லை.

"வயசு நாற்பத்திரெண்டு. புது டீச்சர்னு எழுதியிருக்கீங்க?"

"நிரந்தர வேலைக்குப் புதுசுதான் மேடம். பதினாறு வருஷமா, எந்த டீச்சராவது பிரசவ லீவுல போனா என்னைக் கூப்பிடுவாங்க. அவங்க திரும்பி வந்ததும் அனுப்பிடுவாங்க."

"அப்போ ஊர்ல இரட்டைப் பிள்ளை பிறந்தா உங்களுக்கு ரெண்டு மடங்கு வேலை," என்றார் தாளாளர். தலைமை ஆசிரியை கடமை தவறாமல் சிரித்தார்.

"வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது சார். இதை விட்டா எனக்கு வேற வாசல் இல்லை."

பக்கத்து வகுப்பில் ஒரு பிள்ளை வீறிட்டது. அம்மாவைக் கேட்டு அழுத அந்தக் குரலுக்கு ஜன்னல் கம்பிகூட வளைந்திருக்கும். மேஜையின் அந்தக் கரையில் இருந்த இருவரும் அசையவில்லை.

"சரி, கடைசியா ஒண்ணு. இப்படி அழற பிள்ளையை என்ன செய்வீங்க?"

"போய்ப் பார்த்துட்டு வந்துரட்டுமா சார்?" அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"உட்காருங்க. புத்தகத்தைப் படிக்கலைங்கறது இதுலயே தெரியுது." தாளாளர் கண் காட்டினார். தலைமை ஆசிரியை நாலாவது புத்தகத்தை எடுத்தார். அட்டையில் தலைப்பைவிடத் தாளாளரின் முகம் நாலு மடங்கு பெரிது. நாற்பதாம் பக்கத்தைப் பாட்டு மாதிரி வாசித்தார்.

"'முதல் நாள் அழும் பிள்ளையிடம் காரணம் கேட்காதே. காரணம் அதற்கே தெரியாது. அழுது ஓயும்வரை பெஞ்சோடு சேர்த்துப் பிடி.'"

"புத்தகம் வந்த நாள்லேர்ந்து இதைத்தான் கடைப்பிடிக்கிறோம்," என்றார் தாளாளர். "ரெண்டு பேர் அழுத்திப் பிடிச்சா, எப்பேர்ப்பட்ட பிள்ளையும் பத்து நிமிஷத்துல அடங்கிடும். இதுகூடத் தெரியாதவங்களை நான் ஒண்ணாம் வகுப்புக்குள்ள விட முடியாது. நீங்க போகலாம்."

பக்கத்து வகுப்பில் பெஞ்சு தரையில் உரசும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றாள்.

"பன்னிரண்டு வருஷம் முன்னாடி இதே வேலைக்கு நான் வந்தப்போ, வகுப்பை எப்படி நடத்துவேன்னு நூறு பக்கம் கையால எழுதித் தரச் சொன்னீங்க சார். வாங்கி வெச்சுக்கிட்டு, அப்புறம் சொல்றோம்னீங்க," என்றாள். "அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் கையெழுத்துல 'நெ' கொஞ்சம் 'பெ' மாதிரி இருக்கும். நான் எழுதினது பெஞ்சோடு இல்லை சார், நெஞ்சோடு."