ராகேல் வீட்டு சோபா செட்

"நான் எந்த வழியாட்டு உள்ள வாறது?"

வாசலில் நின்று சுவாமிதாஸ் கேட்டார். கதவு பாதிதான் திறந்தது. மீதிப் பாதியைப் புது சோபாவின் கை தடுத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சரிஞ்சு வாருங்க. தொப்பையக் கொறைக்கச் சொல்லி டாக்டரும் சொன்னாருல்லா" என்றாள் அவர் மனைவி ராகேல்.

கரமனையில் அவர்கள் வீட்டு ஹால் ஒன்றும் பெரிதல்ல. நாலு பேர் சேர்ந்து கொட்டாவி விட்டால் காற்றுப் போதாது. அதற்குள்தான் ராகேல் மூன்று பேர் உட்காரும் சோபா, தனி சோபா இரண்டு, கண்ணாடி டீப்பாய், ஒரு சுவரையே அடைத்த ஷோகேஸ், மூலையில் ஆளுயர பிளாஸ்டிக் செடி என்று கொண்டுவந்து நிறைத்திருந்தாள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் நாள் முழுக்கக் கன்டெய்னர் அடுக்குவதை மேற்பார்வையிடுகிற சுவாமிதாஸுக்கே இப்படி நெருக்கி அடுக்கத் தெரியாது.

எல்லாம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்காக. மூன்று வருஷமாக சபையின் வீட்டுக் கூட்டம் அடுத்த தெரு ரத்னாபாய் வீட்டில்தான் நடந்துவந்தது. ரத்னாபாயின் புருஷன் துபாயில் இருக்கிறார். மாதம் தவறாமல் பணம் வருகிறது. ஆனால் அந்த ஹாலில் என்ன இருக்கிறது? ஒரு வசனக் காலண்டர், போதகருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். அவ்வளவு பணத்தையும் இந்த அம்மா என்னதான் செய்கிறாளோ என்று ராகேலுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

கூட்டம் தன் வீட்டில் நடக்க வேண்டும். ஹால் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று சபையே வந்து பார்க்க வேண்டும். ராகேலுக்கு வேறு ஆசை இல்லை. தினமும் முழங்காலில் நின்று இதையே கேட்டாள். காரணத்தை மட்டும் கர்த்தரிடம் சொல்லவில்லை.

ரத்னாபாயிடம் கேட்கத்தான் பயமாக இருந்தது. சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், அவள் அன்றைக்கே போதகரிடம் சொல்லித் தேதியையும் உறுதி செய்துவிட்டாள். பாவம், வெள்ளை மனசு என்று ராகேல் நினைத்துக்கொண்டாள்.

உள்ளே வந்து சேர்ந்த சுவாமிதாஸ் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்.

"பாஸ்டர் எங்க இருப்பாரு?"

"இதுலதான், நடுவுல."

"மத்தவங்க?"

"அவங்க பாக்கட்டும்" என்றாள் ராகேல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்த ஐந்து பேர் சோபாவில் உட்கார்ந்தார்கள். அதில் ஜிஷா, மெத்தையை அமுக்கிப் பார்த்து "கொள்ளாமே சேச்சி" என்று மலையாளத்தில் மெச்சினாள். ராகேல் பூரித்துப்போனாள். ஆறாவதாக வந்தவர் நின்றார். அடுத்து வந்தவர் டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டார். இன்னொருவர் பிளாஸ்டிக் செடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

சபை மொத்தமும் வாசலில் நின்று வாயைப் பிளப்பதை ராகேல் எத்தனையோ முறை கற்பனை செய்து பார்த்திருந்தாள். வாயைப் பிளந்த பிறகு அவர்கள் உட்காரவும் செய்வார்கள் என்பதுதான் தோன்றவே இல்லை. நம்மைப் போல ஒரு மண்டு இந்தத் திருவனந்தபுரத்தில் உண்டா என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ரத்னாபாய்தான் கைகொடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலில் டீப்பாயை எடுங்கள், சோபாவை நட்டுக்குத்தாக நிறுத்தித் திருப்பினால் கதவில் இடிக்காது, ஷோகேஸ் கண்ணாடியைத் தனியாகக் கழற்றுங்கள் என்று ஆண்களை ஏவினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்விட்டன. போதகர் கண்ணில் இந்த ஹால் பட்டுவிடக் கூடாது என்று என்ன வேகம், பொறாமை பிடித்தவள் என்று ராகேலுக்கு வயிறு எரிந்தது. பாய் விரிக்கும்போது அழுகையே வந்துவிட்டது.

தம்பானூரில் பஸ் கிடைக்காமல் போதகர் கடைசியாகத்தான் வந்தார். பாட்டும் ஜெபமும் முடிந்து, பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்தபடி வெறும் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இப்போ எல்லாரும் ஹாலு நெறைய சாமானத்த அடச்சு வச்சிட்டு, வாற ஆளுக்கு நிக்க எடமில்லாம ஆக்கிடுறாங்க. இந்தச் சகோதரியைப் பாருங்க, ஆடம்பரமே இல்ல. இனி வாராவாரம் கூட்டத்த இங்கயே வச்சுக்கலாம்."

சோபா தூக்கி இடுப்புப் பிடித்திருந்தவர்கள் உட்பட எல்லாரும் "ஆமென்" என்றார்கள். ராகேலும் சொன்னாள். வேறு என்ன சொல்ல? கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டதே. வாராவாரம் இதையெல்லாம் தூக்கிப் போட என்னால் ஆகாது என்று சுவாமிதாஸ் கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு ரத்னாபாய் வந்து ராகேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. மூன்று வருஷமாக வீட்டில் நடந்த கூட்டம் கைவிட்டுப் போனால் யாருக்குத்தான் தாங்கும்? ராகேலுக்கே பாவமாகப் போய்விட்டது.

"சங்கடப்படாதீங்கக்கா" என்றாள்.

"சங்கடமா?" ரத்னாபாய் குரலைத் தாழ்த்தினாள். "மூணு வருஷமாட்டு எனக்க சோபா செட்டு வெறகுப்பொரையில கெடக்கு மக்களே. நாளைக்கே எடுத்து ஹாலுல போடப் போறேன். ஒனக்க சோபாவ மழையில நனைய விடாத, நம்ம வெறகுப்பொரைக்குக் குடுத்து விடு, இனி அது காலியாத்தான் கெடக்கும்."