தைத்து மூடிய பாட்டு

செக் நாட்டு இசைநாடகம் அது. கடைசியில் ராஜாவைப் பார்த்து சனங்கள் 'நீ யாருடா?' என்று கேட்கிற பாட்டு ஒன்று வரும். அதை எடுத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. தணிக்கை அதிகாரி வந்து, வாத்தியக்காரர்களின் நோட்டுகளில் அந்தப் பக்கங்களை ஊசிநூலால் தைத்தே மூடிவிட்டார்.

நாற்பது வருஷமாகக் கோல் பிடித்து இசை நடத்துகிற வாலெக்கின் கையைச் சிரித்தபடி குலுக்கினார். சிரிக்கிற அதிகாரியை வாலெக் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

"இந்தப் பாட்டுச் சத்தம் கேட்டால் நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காது, தோழர்."

"கேட்காது, போய்யா."

அதிகாரி போனதும் வாலெக் வாத்தியக்காரர்களிடம் சொன்னார். "நம்ம முறை வருகிறவரைக்கும் சும்மா உட்கார்ந்து தாளம் எண்ணுவோமில்லையா, அதேபோல எண்ணுங்கள். எவனும் வாசிக்கக் கூடாது."

"எதுவரைக்கும் மாஸ்டர்?" என்றாள் முதல் வயலின்காரி.

"பாட்டு முடிகிறவரைக்கும்."

சாயங்காலம் நாடகத்தில் அந்த இடம் வந்தது. வாலெக் கோலை இறக்கவில்லை. சத்தமே இல்லாத பாட்டை வீசி வீசி நடத்தினார். மேடையில் பாடகர்கள் வாயை மூடி நின்றார்கள். பார்க்க வந்த சனங்களுக்கு மனப்பாடமான பாட்டு. ஒருத்தரும் இருமக்கூட இல்லை.

முன்வரிசையில் அதிகாரி துள்ளி எழுந்தார். "நிறுத்துய்யா! என்ன கூத்து இது?"

வாலெக் திரும்பினார். வலக்கைக் கோல் அதுபாட்டுக்கு அசைந்தது. அளவுக்கு மீறிச் சத்தமாய்க் குழல் ஊதுகிறவனை அடக்குவதுபோல, இடது உள்ளங்கையை அதிகாரிக்கு நேராக நீட்டி மெல்லக் கீழே அமுக்கிக் காட்டினார்.

பாட்டில் இன்னும் பாதி மீதி இருந்தது.