கன்னத்துக் குழி

அயர்லாந்தின் கால்வே நகரத்து அழகுசாதனக் கடையின் வெள்ளை விளக்கடியில் பிரீட் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு மாதப் புற்றுநோய் மருந்து அவள் முகத்தைச் சுண்ணாம்பாக்கியிருக்கிறது. நாளை மறுநாள் மகள் அய்லிஷுக்குக் கல்யாணம். விற்பனைப் பெண் சாம்பல் சாயலான கான்டூர் பவுடரைத் தூரிகையில் தொடுகிறாள். "வெளிறின தோலுக்கு இதுதான் மேடம். கன்னம் ஒட்டி, எலும்புக்குக் கீழ அழகா குழி விழுந்த மாதிரி காட்டும்." "குழியை ஆஸ்பத்திரியிலயே இலவசமாக் குடுத்துட்டாங்கடி பொண்ணே. சிவப்பு இருந்தா அப்பு," என்கிறாள் பிரீட். பின்னால் நிற்கும் அய்லிஷ் சிரிக்கவில்லை. "வெயில் பட்ட நிறம் குடுக்குற பிரான்சரும் போடுங்க. அம்மா இப்படியே வந்தா கல்யாண போட்டோ பாழாயிடும்." "இந்த வெளுப்புல அதைப் போட்டா ஆரஞ்சுப் பழமாயிடுவாங்க மேடம்." கன்னத்தில் ரோஜா நிறச் சிவப்புப் பூச்சான பிளஷ் மட்டும் மெல்லப் படிகிறது. கண்ணாடியில் பழைய முகத்தைக் கண்ட பிரீட், மகளைத் திரும்பிப் பார்க்கிறாள். அய்லிஷ் கைபேசியில் ஒரு படமெடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள். "பரவாயில்லம்மா. இப்ப நீ கல்யாண போட்டோவுல முன் வரிசையிலயே நிக்கலாம்."