நடுச்சுவரில் அப்பா

குட்டி எடுத்த, அப்பா சிரிக்கும் படத்தை வகுப்பின் நடுச்சுவரில் மாட்டிவிட்டு, ஆசிரியர் ஓரடி பின்னால் நகர்ந்து நின்று ரசித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அக்காவுக்கு வயிறு எரிந்தது.

புகைப்படம் படிக்க முதலில் சேர்ந்தவள் அக்காதான். நானும் வருவேன் என்று ஒரே வாரத்தில் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டவள் தங்கை. கேமராவை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்கா. இப்போது நடுச்சுவர் யாருக்கு?

கட்டடங்களைப் படமெடுக்கும் பயிற்சியில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொத்தனார் மகளாயிற்றே, அவள் படத்தில் ஒரு தூண்கூடச் சாயாது. ஆனால் அந்தப் படங்களை அப்பாவிடம் காட்டியபோது, அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கட்டிய சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேரா இருக்கு" என்றதோடு சரி. சிரிப்பு மட்டும் வரவில்லை.

அடுத்த பயிற்சி முகம். வீட்டில் இருப்பவர் ஒருவரை எடுத்து வரச் சொன்னார்கள். இரண்டு பேருமே அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

முதலில் அக்காவின் முறை. யார் உதவியும் தேவையில்லை என்று, முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தெர்மாகோல் பலகையை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தாள். கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல் முக்கால் மணி நேரம் எடுத்தாள். நாற்பது படத்திலும் அப்பா அடையாள அட்டைக்கு உட்கார்ந்தவர் போல விறைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் குட்டி வந்தாள். பலகையைக் கொஞ்சம் பிடியேன் அக்கா என்று குழைந்தாள். கை கடுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா. நாலாவது படத்திலேயே அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அந்தச் சிரிப்பை அக்கா நேரில் பார்க்கவில்லை. அப்போது அவள் குட்டியை முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தில்தான் பார்த்தாள். கண்ணோரம் சுருங்கி, கன்னம் மேலேறி, அடக்கப் பார்த்தும் அடங்காமல் வந்த சிரிப்பு. தனக்கு ஒரு நாளும் அப்படி ஒன்று கிடைத்ததாக அவளுக்கு நினைவில்லை.

அப்பாவுக்குக் குட்டிதான் செல்லம் என்று பால்பல் விழுவதற்கு முன்பிருந்தே அவளுக்கு ஒரு சந்தேகம். இப்போது அதற்குச் சாட்சி, சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது.

"கண்ணு லென்ஸைப் பார்க்கலையே சார், பக்கவாட்டுல போகுது" என்றாள். குறை சொல்ல வேறொன்றும் அகப்படவில்லை.

"அதனாலதாம்மா படம் உயிரோட இருக்கு" என்றார் ஆசிரியர். வகுப்பே தலையாட்டியது. அக்காவின் கட்டடங்களுக்குக் கதவோரத்தில் இடம் கிடைத்தது. யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் அவை மறைந்துபோயின.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குட்டி தொணதொணவென்று பேசிக்கொண்டே வந்தாள். அக்கா நாலடி முன்னால் விடுவிடுவென்று நடந்தாள்.

அப்பா குழாயடியில் நின்று, விரலிடுக்கில் ஒட்டியிருந்த சிமென்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பையைக்கூடக் கழற்றாமல் அக்கா நேராக அவர் முன் போய் நின்றாள்.

"நான் எடுத்தப்ப மட்டும் ஏம்ப்பா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தீங்க?"

"உன் முகம்தான் கேமராவுக்குப் பின்னாடி போயிடுச்சே. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?"

"அவ முகமும்தான் பின்னாடி போச்சு. அவளுக்கு மட்டும் எப்படிச் சிரிப்பு வந்துச்சு?"

அப்பா குழாயை மூடினார். ஈரக்கையோடு திரும்பி, உப்பியிருந்த அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணோரம் சுருங்கியது, கன்னம் மேலேறியது.

"குட்டி பொறந்த அன்னிக்கு அவளைப் பார்த்து ஒரு மூஞ்சி வெச்சே பாரு, அதே மூஞ்சியோட பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. உன்னைப் பார்த்துத்தாம்மா சிரிச்சேன்."