நடிகர் கட்சி தொடங்கிய நாள்

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வந்த சங்கரசுப்புவுக்கு, வீட்டுக்குள் நுழைந்ததுமே முகம் சுண்டிவிட்டது. பின்கட்டில் தறியெல்லாம் நிற்க, டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நடிகர் புதுக்கட்சி தொடங்கிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க மாமா, கொடி ஏத்தட்டும், பேசுவோம்” என்ற மாப்பிள்ளை ஆவுடையப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு மாசமா இதே வேலைதான் அண்ணாச்சி. அவரு படம் ஒண்ணு பாக்கி இல்ல, எல்லாத்தையும் பாத்துட்டான்” என்றாள் அவன் அம்மா ஆறுமுகத்தாய், பெருமையாக.

சினிமாக் கிறுக்கனுக்கா பெண்ணைக் கொடுப்பது? சங்கரசுப்பு எழுந்தார். “அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்புதேன் தாயி.”

அந்த நேரம் டி.வி.யில் கொடி விரிந்தது. மயில்கழுத்து நிறம்.

“எம்மா, ஜெயிச்சிட்டோம்!” தாயைத் தூக்கித் தட்டாமாலை சுற்றிவிட்டு ஆவுடையப்பன் பின்கட்டுக்கு ஓடினான். தறிகள் தடதடவென்று ஓட ஆரம்பித்தன.

எட்டிப் பார்த்த சங்கரசுப்பு வாயைப் பிளந்தார். அத்தனை தறியிலும் வேட்டி நெய்யப் பாவு நூல் ஏற்றியிருந்தது. இரண்டு ஓரத்திலும் மயில்கழுத்துக் கரை.

“முக்காவாசிப் படத்துல அவரு இந்தக் கலர் சட்டைதான் மாமா. கொடியும் இதாத்தான் இருக்கும்னு துணிஞ்சு பாவு ஏத்திட்டேன். இனி அந்தக் கட்சிக்காரன் எவனுக்கும் கரைவேட்டி நம்மகிட்ட மட்டுந்தான் ரெடி!”

“அப்ப நீரு அவரு ரசிகர் இல்லையா?”

“தலைவலி மாத்திரை போட்டுட்டுல்லா ஒவ்வொரு படத்தையும் பாத்தேன்!”

“பஸ்ஸுக்கு நேரமாகலையா அண்ணாச்சி?” என்றாள் ஆறுமுகத்தாய்.

“பஸ்ஸு கெடக்கட்டும் சம்பந்தி, இலையைப் போடுங்க” என்றவர், மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

“அடுத்து எந்த நடிகரு கட்சி ஆரம்பிக்காரு மாப்ளே?”