அவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு

"ஏய்யா சங்கரு, ஓடி வாய்யா! ஒங்கப்பா என்னையப் பாத்து 'சாப்பிட்டியா'ன்னு கேக்குறாகய்யா!"

கஸ்தூரி போட்ட சத்தத்தில், மதியத் தூக்கத்தில் இருந்த மகன் சங்கர் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் கேட்டவர் தனுஷ்கோடி. அருப்புக்கோட்டையில் வத்தல், மல்லிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். லோடு இறக்க வருகிற லாரி டிரைவரிடம்கூடச் சாப்பிட்டாயா என்று கேட்பார்; கட்டிய மனைவியிடம் கேட்டதில்லை. பக்கத்து ஊரான பாலவனத்தத்தில் இருக்கும் வீட்டுக்குள் அவர் பேச்செல்லாம் தண்ணி, சோறு, சாவி. மிச்சமெல்லாம் அதட்டல்.

"அது மட்டுமில்லய்யா." கஸ்தூரிக்கு நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. "ரசம் நல்லாருக்குன்னாக. தட்ட அவுகளே கழுவி வச்சுட்டாக."

"தட்டையா?" சங்கர் கூடத்துக்கு ஓடினான்.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தனுஷ்கோடி சிரித்துக்கொண்டிருந்தார். "கஸ்தூரி, நீ செத்த உக்காரு. காலு வீங்கியிருக்கு பாரு."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கஸ்தூரி பயத்தில் அழுதேவிட்டாள்.

சங்கர் செல்போனை எடுத்தான். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் அதில் தேடி நோய்க்குப் பேர் வைத்துவிடுவான்.

"இதாம்மா! மூளைக்கு ஆக்ஸிஜன் பத்தலைன்னா திடீர்னு குணம் மாறுமாம். சும்மா சும்மா சிரிப்பாகளாம். மறதி வரும், மூச்சு வாங்கும், நகம் நீலம் பூக்கும். அப்படியே விட்டா மூளை, இதயம் ஒண்ணொண்ணா நின்னுருமாம்!"

"ஐயையோ! கெளம்புய்யா ஆஸ்பத்திரிக்கு!"

"எனக்கு ஒண்ணுமில்லலே," என்றார் தனுஷ்கோடி.

"அப்படித்தான் சொல்லுவாகளாம். அதுவும் இதுல போட்டுருக்கு."

"சரி. ஆனா கஸ்தூரி இல்லாம நான் எங்கயும் வரமாட்டேன்."

"முத்திருச்சும்மா! நீயும் ஏறு!"

கார் கிளம்பும்போது கஸ்தூரி அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்று நின்று வந்தாள்.

"ஒனக்கு எப்பப் பாத்தாலும் மறதி," சங்கர் ஹாரனை அடித்தான். "ரெண்டு படி எறங்க இம்புட்டு நேரமா? இங்க அப்பாவுக்கு மூள போய்க்கிட்டிருக்கு!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேணுகாதேவி பொறுமையாகக் கேட்டார். "என்ன தொந்தரவு?"

"சிரிக்கிறாரு டாக்டர். அன்பாப் பேசுறாரு. தட்டு கழுவுறாரு."

"எப்ப இருந்து?"

"மத்தியானத்துல இருந்து."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தனுஷ்கோடியின் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "தொண்ணூத்தெட்டு இருக்கு. உங்க அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லைங்க."

"மெஷினு சரியா இருக்கா டாக்டர்? நல்லாப் பாருங்க. தட்டு கழுவுனாரு!"

தனுஷ்கோடி கிளிப்பைக் கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கஸ்தூரியின் கையை இழுத்து, அவள் விரலில் மாட்டினார்.

மெஷின் கத்த ஆரம்பித்தது. எழுபத்தொன்பது.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. கஸ்தூரியின் நகங்களைத் திருப்பிப் பார்த்தார். "சிஸ்டர், சீக்கிரம் ஆக்ஸிஜன் கொண்டு வாங்க! இவங்களுக்கு எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்குது?"

சங்கர் செல்போனைப் பார்த்தான். அதை மேஜையில் போட்டுவிட்டு அம்மாவைத் தாங்கிப் பிடித்தான்.

"ரெண்டு மாசமா டாக்டரம்மா," என்றார் தனுஷ்கோடி. சிரிப்பு போய்ப் பழைய முகம் வந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன்னு அதட்டிப் பாத்துட்டேன். வத்தல் காயுது, மாவாட்டணும்னு அசைய மாட்டேங்குறா. எனக்கு ஒண்ணுன்னாத்தான் வாசப்படி தாண்டுவா. நான் நாலு நல்ல வார்த்த பேசுனா எனக்கு மூள கெட்டுப்போச்சுன்னு இவ நம்பிருவான்னு தெரியும். அந்த லட்சணத்துலதான் நான் இவளோட குடும்பம் நடத்தியிருக்கேன்."